அப்பா அம்மாவுடன் வாஷிங்டன் டிசி: ஏப்ரலில் ஐந்து நாள், செர்ரிப் பூ கிடைக்குமா?

வைகைக்கரை | ஜனவரி 26, 2025

எல்லோருக்கும் வணக்கம். டாலஸில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் மார்ச் முதல் வாரம் மதுரையிலிருந்து வருகிறார்கள். போன முறை நயாகரா காட்டியாயிற்று, இந்த முறை வாஷிங்டன் டிசி. ஏப்ரல் 9 புதன் மதியம் இறங்கி, 13 ஞாயிறு மாலை கிளம்புகிறோம். டிக்கெட் போட்டாயிற்று.

மொத்தம் ஐந்து பேர். அப்பாவுக்கு 71, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எந்தக் கல்வெட்டைப் பார்த்தாலும் கடைசி வரி வரை படிக்காமல் நகர மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உட்கார வேண்டும். பையனுக்கு 9 வயது, விண்வெளி தவிர வேறெதுவும் காதில் ஏறாது. அப்புறம் நானும் கணவரும்.

என் கேள்விகள்: அந்தத் தேதியில் பூ இருக்குமா? எங்கே தங்குவது, கார் எடுக்கலாமா? வெள்ளை மாளிகைக்குள் போக முடியுமா? "நேஷனல் மால் பார்க்கப் போகிறோம்" என்று போனில் சொன்னதற்கு, "கடைவீதிக்குப் போகவா அவ்வளவு செலவு?" என்று அப்பா கேட்கிறார். அவருக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

கேமராக்கிறுக்கன் | ஜனவரி 26

பூவுக்காகப் போவதென்றால் ஏப்ரல் 9 ரொம்பத் தாமதம். உச்சப் பூப்பு 2022-ல் மார்ச் 21, 2023-ல் மார்ச் 23, போன வருடம் மார்ச் 17. அபராதம் கட்டியாவது டிக்கெட்டை மார்ச் கடைசி வாரத்துக்கு மாற்றுங்கள். காலை ஆறரைக்கு, செர்ரி மரங்கள் சூழ்ந்த டைடல் பேசின் குளக்கரையில் நின்று, ஜெஃபர்சன் நினைவகத்தின் பின்னால் வெளுக்கும் வானத்தைப் பார்த்துவிட்டால் மற்ற நான்கு நாளும் அறையில் தூங்கினாலும் பரவாயில்லை.

போட்டோமாக் புலி | ஜனவரி 27

டிசியிலிருந்து போட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆர்லிங்டனில் 14 வருடமாக இருக்கிறேன். கேமரா தம்பி சொல்வது முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வருபவருக்குப் பொருந்தும். முழங்கால் வலிக்காரரோடு வருபவருக்கு அது சரிப்படாது.

முதலில், உச்சப் பூப்பு என்றால் என்ன? டைடல் பேசினைச் சுற்றியுள்ள யோஷினோ ரக மரங்களின் பூக்களில் 70 விழுக்காடு விரிந்த நாள். தேசியப் பூங்காத் துறை கணக்கு வைத்திருக்கிறது. 1990-ல் அது மார்ச் 15, 1958-ல் ஏப்ரல் 18. ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம்! ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு நாளுக்கு டிக்கெட் எடுப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. விரிந்த பிறகும் சில நாள்தான். காற்றோடு ஒரு மழை வந்தால் கதை முடிந்தது.

அந்த ஒரு வாரம் எங்களுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஊரே அங்கே இருக்கும். ஓட்டல் வாடகை ஏறிவிடும். கரையோரப் பாதையில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே அம்மா உட்கார ஒரு பெஞ்சு கிடைக்காது. பேசினைச் சுற்ற இரண்டு மைல் நடக்க வேண்டும். போதாததற்கு இப்போது கரைச்சுவரைத் திரும்பக் கட்டுகிறார்கள். நிலம் தாழ்ந்து, ஓத ஏற்றத்தில் தண்ணீர் நடைபாதைக்கே வந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்காக 140 செர்ரி மரங்களைப் போன வருடம் வெட்டவேண்டி வந்தது. அதில் உள்ளே முழுக்கப் பொந்தாகிப்போன, 'ஸ்டம்பி' என்று ஊரே கொண்டாடிய மொட்டை மரமும் ஒன்று.

உங்கள் தேதியைத் தொடாதீர்கள். யோஷினோ உதிர்ந்தபின் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து க்வான்சான் ரகம் பூக்கும். அடுக்கடுக்காக, நல்ல ரோஜா நிறம். பேசினுக்குத் தெற்கே ஈஸ்ட் போட்டோமாக் பூங்காவில் அது நிறைய. டாக்சி மரத்தடி வரை போகும், கூட்டமும் குறைவு.

அப்பாவுக்கு: இந்த மால் கடைவீதி இல்லை, திடல். நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை இரண்டு மைல் புல்வெளி, இரு பக்கமும் அருங்காட்சியகங்கள். உள்ளே நுழையக் காசு கிடையாது. செலவைப் பற்றிக் கேட்டாரே, அதற்காகச் சொல்கிறேன்.

கேமராக்கிறுக்கன் | ஜனவரி 27

பாதி ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் க்வான்சானை யோஷினோவுக்கு மாற்று என்று சொல்லாதீர்கள். அது காகிதப் பூ மாதிரி இருக்கும்.

மெட்ரோமாமி | ஜனவரி 28

பூச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். தங்குவதைப் பற்றிச் சொல்கிறேன்.

கார் வேண்டவே வேண்டாம். நிறுத்துகிற செலவில் இன்னொரு அறை எடுக்கலாம். ரீகன் விமான நிலையத்தில் இறங்குங்கள், முனையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம். டிசியின் இன்னொரு விமான நிலையமான டல்லஸுக்கும் (Dulles) 2022 நவம்பரிலிருந்து சில்வர் லைன் மெட்ரோ போகிறது, ஆனால் அது தூரம். (டாலஸிலிருந்து டல்லஸ் என்று டிக்கெட் எடுத்து என் மைத்துனர் விமான நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தார், ஏதோ தவறாகப் போட்டுவிட்டோமோ என்று.) மெட்ரோவில் ஆளுக்கொரு கட்டண அட்டை வேண்டும், ஒன்றை ஐந்து பேர் தட்ட முடியாது. வார நாளில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், சனி ஞாயிறு ஒரு பயணத்துக்கு 2.50 டாலரைத் தாண்டாது. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. கிளம்புமுன் எந்த லிஃப்ட் பழுது என்று மட்டும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இந்த ஊர் எஸ்கலேட்டர்கள் பாதாளத்துக்குப் போகிறவை. எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். இடப்பக்கம் நின்றால் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு கேட்கும்.

பழைய பயணக் குறிப்புகளில் 'சர்க்குலேட்டர் பேருந்தில் நேஷனல் மாலைச் சுற்றலாம்' என்று இருக்கும். நம்பாதீர்கள். அது போன டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது.

முக்கியமானது இது. டிசி நான்கு கால்வட்டமாகப் பிரிந்த ஊர்: வடமேற்கு, வடகிழக்கு, தென்மேற்கு, தென்கிழக்கு. நடுப்புள்ளி நாடாளுமன்றக் கட்டடம். ஒரே கதவு எண், ஒரே தெருப்பெயர், இரண்டு மூன்று கால்வட்டங்களில் இருக்கலாம். நாங்கள் முதல்முறை வந்தபோது டாக்சி செயலியில் அந்தக் கடைசி இரண்டெழுத்தைப் போடாமல் விட்டேன். இரவு பதினொன்றுக்கு, நாலு பெட்டியோடு, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் கதவைத் திறந்து, "நீங்கள் வடமேற்குக்குப் போக வேண்டும்" என்றார். கேட்காமலே சொன்னார் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ!

சும்மாஒருத்தன் | ஜனவரி 28

வெள்ளை மாளிகை: அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மூலமும், வெளிநாட்டவர் தங்கள் தூதரகம் மூலமும் கேட்க வேண்டும். உங்கள் அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். லாஃபயெட் சதுக்கத்திலிருந்து வேலிக்கு வெளியே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

வைகைக்கரை | பிப்ரவரி 9

எல்லோருக்கும் நன்றி. தேதியை மாற்றவில்லை. ரீகனில்தான் இறங்குகிறோம், வடமேற்கில் மெட்ரோவுக்கு அருகே ஓட்டல் போட்டாயிற்று (இரண்டெழுத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன் மாமி). கணவர் ஒரு திட்டம் போட்டிருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள்.

புதன்: வாஷிங்டன் நினைவுத்தூண், வியட்நாம் சுவர், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், ஜெஃபர்சன்.
வியாழன்: நாடாளுமன்றம், காங்கிரஸ் நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், இயற்கை வரலாறு, விண்வெளி அருங்காட்சியகம்.
வெள்ளி: உயிரியல் பூங்கா, ஆர்லிங்டன் கல்லறை, ஜார்ஜ்டவுன்.
சனி: மவுண்ட் வெர்னன், அலெக்சாண்ட்ரியா, இரவு நினைவகங்கள் மறுபடி.
ஞாயிறு: மீதி.

மெட்ரோமாமி | பிப்ரவரி 9

உங்கள் கணவர் வேலை பார்ப்பது ராணுவத்திலா?

போட்டோமாக் புலி | பிப்ரவரி 9

மாமி கேட்டது நியாயம். வியாழக்கிழமை ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் பாதுகாப்புச் சோதனை வரிசை. அப்பா எல்லாப் பலகையையும் படிப்பவர் என்று வேறு சொல்கிறீர்கள். அவர் நூலகத்தில், 15-ம் நூற்றாண்டில் அச்சான கூட்டன்பர்க் பைபிள் முன்னால் நிற்கும்போதே மாலை ஆகிவிடும்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, முடிந்தால் விளக்கு வைத்தபின் ஒன்று. அதற்கு மேல் வைக்காதீர்கள். நினைவகங்களுக்குக் கதவே கிடையாது, இரவிலும் போகலாம், இரவில்தான் அழகும். பகல் பொழுதைக் கூரையுள்ள இடங்களுக்கு வையுங்கள்.

கிழமையும் பார்க்க வேண்டும். நாடாளுமன்றச் சுற்று ஞாயிறு கிடையாது. காங்கிரஸ் நூலகம் ஞாயிறு, திங்கள் இரண்டும் கிடையாது. இரண்டையும் வியாழனில் சேர்த்து வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுரங்கப்பாதை இருக்கிறது, மழை பெய்தாலும் நனையாமல், சாலை கடக்காமல் போகலாம். இரண்டும் இலவசம், ஆனால் நேரம் குறித்த பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நாடாளுமன்றத்துக்குள் சாப்பாடோ தண்ணீரோ கொண்டுபோகக் கூடாது. காலி பாட்டில் பரவாயில்லை. என் மாமியார் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். விதியைப் படிக்காதது என் தப்பு. குப்பையில் போட அவருக்கு மனமில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஐந்து பேரும் காலை ஒன்பதரைக்குப் புளியோதரை சாப்பிட்டோம்.

வாஷிங்டன் தூணின் மேலே போக 30 நாள் முன்னால் இணையத்தில் சீட்டுத் திறக்கும், சேவைக் கட்டணம் 1 டாலர். கிடைக்காவிட்டால் அன்று காலை தூணடியில் இலவசச் சீட்டுக்கு வரிசை, ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம். மேலே போகாவிட்டாலும் அப்பாவிடம் கீழிருந்தே காட்டுங்கள்: ஏறத்தாழ 150 அடிக்கு மேல் கல்லின் நிறம் மாறும். 1854-ல் பணமில்லாமல் வேலை நின்றது. உள்நாட்டுப் போரெல்லாம் முடிந்து 1879-ல் தொடர்ந்தபோது அதே கல் கிடைக்கவில்லை. 555 அடித் தூணில் ஒரு நாட்டின் தகராறு கோடு மாதிரி தெரியும்.

சும்மாஒருத்தன் | பிப்ரவரி 10

பையனுக்கு: மாலில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்துக்கு இலவசம்தான் என்றாலும் நேரப் பாஸ் கட்டாயம். பாதிக் கட்டடம் புதுப்பிப்பில் மூடியிருக்கிறது. திறந்த பாதியிலேயே அப்பல்லோ 11 கூண்டும் ரைட் சகோதரர்களின் 1903 விமானமும் இருக்கின்றன, போதும். அவன் உண்மையிலேயே கிறுக்கு என்றால், டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உட்வார்-ஹேசி மையம். டிஸ்கவரி விண்ணோடம் அங்கேதான் நிற்கிறது. அதே கட்டடத்தில் ஒரு கான்கார்டு விமானமும் உண்டு. நுழைவு இலவசம், பாஸும் வேண்டாம், காருக்குத்தான் 15 டாலர்.

12-ம் தேதி சனிக்கிழமை செர்ரிப் பூ விழா அணிவகுப்பு, கான்ஸ்டிடியூஷன் அவென்யூ மூடிவிடுவார்கள். அன்று ஒரு நாள் மட்டும் வாடகைக் கார் எடுத்து ஊரை விட்டு வெளியேறுங்கள்.

வைகைக்கரை | பிப்ரவரி 10

அம்மா லான்ஹம் சிவா விஷ்ணு கோயிலுக்கும் முருகன் கோயிலுக்கும் போக வேண்டும் என்கிறார். சனிக்கிழமை இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

போட்டோமாக் புலி | பிப்ரவரி 10

லான்ஹம் மேரிலாந்தில், ஊருக்குக் கிழக்கே. விண்ணோடம் வர்ஜீனியாவில், மேற்கே. காலையில் விண்ணோடம், மாலையில் கோயில் என்று வைத்தால் முடியும். நடுவில் வேறெதையும் நுழைக்காதீர்கள். கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

இலையுதிர்காலம் | பிப்ரவரி 12

இத்தனை பேர் பேசியும் ஒருவரும் சொல்லவில்லையே. அப்பா வரலாற்று ஆசிரியர் என்றால் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். அதில் ஃப்ரீயர் கட்டடம். பத்தாம் நூற்றாண்டுச் சோழ வெண்கலம், பார்வதி வடிவில் நிற்கும் செம்பியன் மாதேவி என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லும் சிலை, அங்கே இருக்கிறது. கண்டராதித்தரின் தேவி, செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றியவர். வகுப்பில் அவர் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ.

1929-ல் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. நாகப்பட்டினம் மாவட்டக் கோயிலிலிருந்து போன சிலை அது என்று தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சொல்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போது பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வரும். மாலில் கூட்டம் குறைவான இடங்களில் ஒன்று. அம்மா உட்காரவும் இடம் உண்டு.

மெட்ரோமாமி | பிப்ரவரி 13

அம்மா விஷயம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களில் (விண்வெளி, ஃப்ரீயர் எல்லாம் அதில்தான்) சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், ஆனால் கட்டடத்துக்குள் மட்டும். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு நடப்பதுதான் ஆளைக் கொல்லும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடந்தால் இருபது நிமிடம். எடை குறைந்த மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

வைகைக்கரை | பிப்ரவரி 13

பேச்சை எடுத்தேன் மாமி. "நான் என்ன நோயாளியா?" என்று போனை வைத்துவிட்டார்.

மெட்ரோமாமி | பிப்ரவரி 13

பை வைப்பதற்கு என்று சொல்லி வாங்குங்கள். இரண்டாம் நாள் தானாக உட்காருவார்.

கேமராக்கிறுக்கன் | மார்ச் 28

பூங்காத் துறை அறிவித்துவிட்டது. இன்று உச்சப் பூப்பு. வைகைக்கரை அக்கா, சொன்னேனே. நான் காரில் போய்க்கொண்டிருக்கிறேன்.

போட்டோமாக் புலி | மார்ச் 29

கேமரா, நேற்று மாலை இன்டிபென்டன்ஸ் அவென்யூவில் ஒன்றரை மணி நேரம் நகராமல் நின்ற கார்களில் உங்களுடையதும் ஒன்றா?

கேமராக்கிறுக்கன் | மார்ச் 29

இரண்டு மணி நேரம்.

வைகைக்கரை | ஏப்ரல் 16

திரும்பி வந்துவிட்டோம். கடன் கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே.

புதன் மாலை லிங்கன் மட்டும். டாக்சியில் போய் இறங்கினோம். மேலே ஏற 58 படி. அம்மா பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு முறை நின்று ஏறிவிட்டார். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படியில் 'எனக்கொரு கனவு உண்டு' என்ற அவர் வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அப்பா அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் கால் படாமல் தள்ளி நின்றார். வருகிறவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார், தமிழில்.

வியாழன் நாடாளுமன்றம், சுரங்கப்பாதை, நூலகம். சாப்பாடு கொண்டுபோகவில்லை. நீங்கள் சொன்ன ஒன்று தவறு புலி அண்ணா: அப்பா கூட்டன்பர்க் பைபிளுக்கு முன் அதிகம் நிற்கவில்லை. கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

வெள்ளி நல்ல மழை, குளிர். ஏப்ரலில் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஸ்வெட்டர் போதும் என்று நினைத்துவிட்டேன். மழைக்கோட்டும் கம்பளிக் குல்லாயும் கொண்டுபோங்கள். காலையில் விண்வெளி, மதியம் ஃப்ரீயர். நாற்காலியில் பைகள்தான் இருந்தன. விண்வெளி அருங்காட்சியக வாசலில் அம்மா பைகளை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் நான்கு இடத்தையும் அவர்தான் வேகமாகப் பார்த்தார், பையன் தள்ளினான்.

சிலையைப் பற்றி. முன்னால் சொல்லாமல் கூட்டிப்போனேன். அப்பா பலகையைப் படிக்கவில்லை. தூரத்திலேயே நின்று, "சோழர் காலம்" என்றார். அப்புறம்தான் கிட்டே போய்ப் படித்தார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். கழற்றிவிட்டார். காவலர் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விண்ணோடமும் கோயிலும். பையன் டிஸ்கவரியை மூன்று முறை சுற்றினான். முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர ஏழாகிவிட்டது.

ஞாயிறு காலை ஈஸ்ட் போட்டோமாக் பூங்கா. டைடல் பேசினில் பூ முழுக்கக் கொட்டிப் பச்சை இலை வந்துவிட்டது. இங்கே க்வான்சான் வரிசையாக ரோஜா நிறத்தில். கேமரா தம்பி, காகிதப் பூ மாதிரிதான் இருக்கிறது, சரி. ஆனால் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், சுற்றி ஏழெட்டுப் பேர்கூட இல்லை. 1910-ல் ஜப்பான் அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சி இருந்ததால் எரித்துவிட்டார்கள், 1912-ல் மறுபடி 3,020 மரங்கள் அனுப்பினார்கள் என்று அப்பா படித்துச் சொன்னார். "எரித்த பிறகும் அனுப்பினானா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

விட்டுப்போனவை: ஆர்லிங்டன், உயிரியல் பூங்கா, மவுண்ட் வெர்னன், ஆவணக் காப்பகம், தூதரகத்தின் எதிரே உள்ள காந்தி சிலை. கணவர் பட்டியலை இன்னும் கிழிக்கவில்லை.

இலையுதிர்காலம் | ஏப்ரல் 16

காவலர் எதுவும் சொல்லாததைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

கேமராக்கிறுக்கன் | ஏப்ரல் 17

மார்ச் 28-ல் நான் எடுத்த 400 படங்களிலும் யாரோ ஒருவருடைய செல்ஃபிக் குச்சி இருக்கிறது. வேறெதுவும் சொல்ல விரும்பவில்லை.

சும்மாஒருத்தன் | ஏப்ரல் 17

வைகைக்கரை அக்கா, நானும் டாலஸ் பக்கம்தான், பிளேனோ. மே மாதம் மாமியார் வருகிறார். அந்த மடக்கு நாற்காலி இப்போது சும்மாவா இருக்கிறது?

வைகைக்கரை | ஏப்ரல் 17

இல்லை தம்பி. ஊருக்கு எடுத்துப்போகிறாராம். மீனாட்சியம்மன் கோயில் பிராகாரத்துக்கு, பை வைப்பதற்கு.